சைக்கிளுக்கு எது வழி?

தனிப் பாதையா, பொதுச் சாலையா? நிபுணர்களின் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்டு தவிக்கிறார் சைக்கிள் தொழிலாளி

இந்திய நகரங்களில் சைக்கிள் மிதிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது உடற்பயிற்சி அல்ல. பஸ் கட்டணத்தை மிச்சப்படுத்தும் வழி. பால்காரர், காவலாளி, கட்டடத் தொழிலாளி என்று விடியும் முன்பே கிளம்பிவிடும் இவர்களைச் சாலையில் எங்கே ஓட்ட விடுவது என்பதில்தான் தகராறு.

தனிப் பாதை கூடாது என்ற வாதத்தின் பிதாமகர் ஜான் ஃபாரெஸ்டர். 2020-ல் காலமான இந்த கலிஃபோர்னியா பொறியாளர் சொன்னது எளிமையானது: சைக்கிளும் ஒரு வாகனம், மற்ற வாகனங்களோடு சேர்ந்து, அதே விதிகளின்படி ஓட்டுவதே பாதுகாப்பு. ஓரமாக ஒதுக்கப்பட்ட சைக்கிள், சந்திப்பில் திரும்பும் காரோட்டியின் கண்ணில் படாது. ஆபத்து அங்கேதான் என்பது அவர் கட்சி.

நெதர்லாந்து வேறு வழியில் போனது. 1970-களில், குழந்தைகள் சாலையில் மடிவதைப் பொறுக்காமல் பெற்றோர் வீதிக்கு வந்து போராடினர். பிறகு தனிப் பாதைகள் பெருகின. ஃபாரெஸ்டர் பயந்த சந்திப்புகளும் சைக்கிளுக்கு ஏற்றபடி மாற்றி அமைக்கப்பட்டன.

இந்தியாவில் இதற்குப் பரிசோதனைக் களமானது டெல்லி. 2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. தூரத்துக்குச் சாலை நடுவே பஸ்ஸுக்கும், ஓரத்தில் சைக்கிளுக்கும் தனித் தடங்கள் ஒதுக்கப்பட்டன. திட்டத்துக்குப் பின்னால் இருந்த டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களின் கணக்கு இது: தனிப் பாதை இல்லாவிட்டால் சைக்கிள்கள் சாலையின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும், பஸ்கள் நடுச் சாலைக்கு நகரும், எல்லோருக்கும் தாமதம். சைக்கிளுக்கு இடம் கொடுத்தால் மற்றவர்களுக்கும் லாபம்தான்.

காகிதத்தில் கணக்கு சரி. ஆனால் நெரிசலில் சிக்கிய மோட்டார் சைக்கிள்கள் சைக்கிள் பாதைக்குள் புகுந்தன. கார்களுக்கு இடம் போதவில்லை என்று கூச்சல் எழுந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றம் திட்டத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தும் பலனில்லை. 2016-ல் தடங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. காருக்கும் பஸ்ஸுக்குமான சண்டையில் சைக்கிள்காரரின் குரல் எடுபடவே இல்லை.

கொல்கத்தா போலீஸ் பிரச்சினைக்கு வேறு மாதிரி முடிவு கட்டப் பார்த்தது. 2013-ல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை! தனிப் பாதையும் இல்லை, பொதுச் சாலையும் இல்லை. பால்காரர்களும் பேப்பர் போடுபவர்களும் பிழைப்புக்கு என்ன செய்வது என்று திகைத்துப்போனார்கள்.

உண்மையில் இரு தரப்பு யோசனைகளும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன. சாலையில் கலந்து ஓட்டுவதென்றால் பஸ்ஸும் லாரியும் விதிக்குக் கட்டுப்பட வேண்டும். தனிப் பாதை என்றால் மோட்டார் சைக்கிளையும், நிறுத்திவைத்த காரையும், கடைச் சரக்கையும் அப்புறப்படுத்த ஆள் வேண்டும். போலீஸும் மாநகராட்சியும் கண்ணை மூடிக்கொண்டால் இரண்டும் வீண்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 100 வீடுகளில் சுமார் 45-ல் சைக்கிள் இருந்தது. கார், ஜீப், வேன் இருந்த வீடுகள் 5-க்கும் குறைவு. சாலையில் இடம் பிரிக்கும்போது மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.