தட்டிக் கொடுத்தால் தள்ளாட்டம் நிற்கும்!

குடிகாரரைத் திட்டாத வீடு உண்டா? மனைவி அழுது பார்ப்பாள். தாய் கோவிலில் நேர்ந்து கொள்வாள். அண்ணன் கை நீட்டுவார். சம்பளக் கவரை வாசலிலேயே பறித்துக் கொள்வார்கள். எதற்கும் அவர் மசிவதில்லை.

அதே மனிதரிடம், தம்மைப் போலவே குடித்துக் கெட்டுப் பின் திருந்திய ஒருவர் வந்து, "இன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்துவிட்டீர்களே! பெரிய காரியம்" என்று தோளில் தட்டுகிறார். கல்லாய் இருந்தவர் கண் கலங்குகிறார். பலருக்குத் திருத்தம் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

இப்படி ஒருவரை ஒருவர் தட்டிக் கொடுப்பதையே வைத்தியமாகக் கொண்ட ஒரு சங்கம், உலகம் முழுவதும் நடக்கிறது. அதன் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. 'பெயர் சொல்லாத குடிநோயாளிகள்' என்று பொருள்.

ஓட்டலில் வந்த சோதனை

அது 1935-ம் ஆண்டு மே மாதம். பில் வில்சன் என்ற அமெரிக்கர், நியூயார்க்கில் பங்குத் தொழில் செய்தவர். குடியால் எல்லாவற்றையும் இழந்து, சில மாதங்களுக்கு முன்புதான் அதை நிறுத்தியிருந்தார். வியாபார விஷயமாக ஆக்ரன் என்ற ஊருக்குப் போனார். போன காரியம் தோற்றது. கையில் பணம் இல்லை. ஊரில் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஓட்டல் கூடத்தில் நின்றார். ஒரு பக்கம் மதுக்கடை. உள்ளே சிரிப்புச் சத்தம். மறுபக்கம் டெலிபோன். மதுக்கடைக்குப் போகவே கால் இழுத்தது. அப்போது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. 'நான் பிழைக்க வேண்டுமானால், இன்னொரு குடிகாரரிடம் உடனே பேச வேண்டும்.'

டெலிபோனை எடுத்தார். ஒருவர் மாற்றி ஒருவராக விசாரித்து, மே 12-ந் தேதி டாக்டர் பாப் ஸ்மித் என்பவரைச் சந்தித்தார். பாப் பெயர் பெற்ற அறுவைச் சிகிச்சை டாக்டர். ஆனால் குடிக்கு அடிமை. "15 நிமிடம்தான் இருப்பேன்" என்று முகத்தைச் சுளித்துக் கொண்டு வந்தவர், பல மணி நேரம் உட்கார்ந்து பேசினார்.

காரணம் என்ன? பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தம் கதையைச் சொன்னார். "உங்களால் எனக்கு உதவி" என்றார். அதுவரை பாப்பிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

ஜூன் 10-ந் தேதி பாப் கடைசியாகக் குடித்தார். அந்த நாளையே சங்கம் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். பாப் 1950-ம் ஆண்டு இறந்தார். பில் 1971-ம் ஆண்டு இறந்தார். இருவரும் கடைசி வரை மீண்டும் குடிக்கவில்லை.

ஒரு நாள் கணக்கு

இந்தச் சங்கத்தில் சேரக் கட்டணம் இல்லை. சாதி, மதம் கேட்பதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. செலவுக்கு உறுப்பினர்களே தங்களால் இயன்றதைப் போடுகிறார்கள்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து தம் பெயரைச் சொல்லி, "நான் குடிநோயாளி" என்கிறார். எல்லோரும் அவரை வரவேற்கிறார்கள். அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை, கண்டிப்பதில்லை. 'இனி ஆயுளில் தொட மாட்டேன்' என்று சபதம் கேட்பதும் இல்லை. இன்று ஒரு நாள் போதும். நாளைக் கதை நாளைக்கு.

ஒரு நாள், ஒரு மாதம், ஓர் ஆண்டு என்று தாண்டுகிறவர்களுக்குப் பல இடங்களில் சிறு வில்லை கொடுத்துக் கைதட்டுகிறார்கள். தவறி மறுபடி குடித்துவிட்டு வந்தவரையும் விரட்டுவதில்லை. "வந்தீர்களே, அதுவே நல்லது. தொடர்ந்து வாருங்கள்" என்கிறார்கள்.

தட்டிக் கொடுப்பவருக்கும் இதில் லாபம் உண்டு. புதிதாக வந்தவரின் கை நடுக்கத்தைப் பார்க்கும்போது, தாம் எங்கிருந்து ஏறி வந்தோம் என்பது அவருக்கு மறப்பதில்லை.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல. 2020-ம் ஆண்டு காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கு கொண்ட 27 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில், இந்தச் சங்கத்தின் வழியில் சேர்த்து விடும் சிகிச்சை மற்ற முறைகளைவிடக் கூடுதல் பலன் தருகிறது என்று கண்டது.

மும்பையிலும் உண்டு

அன்றைய பம்பாய்க்கு இந்தச் சங்கம் 1950-களிலேயே வந்துவிட்டது. பாந்த்ராவில் 1981-ம் ஆண்டு பாதிரியார் ஜோ பெரேரா தொடங்கிய 'கிருபா' நிலையம், ஏ.ஏ. வழியோடு யோகாசனத்தையும் சேர்த்துக் கற்றுத் தருகிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ம் ஆண்டு தொடங்கிய டி.டி.கே. ஆஸ்பத்திரி, குடிநோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிறது. குடிப்பவர்களின் மனைவி மக்களுக்கு, 1951-ம் ஆண்டு முதல் 'அல்-அனான்' என்று தனிச் சங்கமே இருக்கிறது.

நாம் செய்யக் கூடியது

ஊரை விட்டு வந்து தாராவியிலும் சயானிலும் செம்பூரிலும் நாலைந்து பேராக ஓர் அறையில் தங்கி வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு, கண்டிக்கப் பெரியவர்கள் அருகில் இல்லை. சம்பள நாள் மாலை கால் தானாக மதுக்கடைக்குப் போகிறது. ஊரில் மணியார்டரை எதிர்பார்த்த காலம் போய், இன்று செல்போனில் பணம் வந்ததா என்று பார்த்தபடி ஒரு குடும்பம் காத்திருக்கிறது.

கண்டிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன? தட்டிக் கொடுக்க அறைத் தோழர்கள் இருக்கிறார்களே! ஒருவர் "இன்று வேண்டாம்" என்று சொன்னால், "நீயாவது, நிறுத்துவதாவது!" என்று கேலி செய்யாதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். கூடவே ஸ்டேஷன் வரை நடந்து போய் வாருங்கள். மறுநாள் காலையில், "நேற்று ஜெயித்துவிட்டீர்கள் அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாகத் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை டாக்டரிடம் அழைத்துப் போய்க் காட்டிய பிறகே நிறுத்த வைக்க வேண்டும்.

மருந்தை டாக்டர் தருவார். மன உறுதியை அவரேதான் தேடிக் கொள்ள வேண்டும். ஆனால் அந்த உறுதி உடையாமல் பார்த்துக் கொள்ளப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். காசு செலவில்லை, ஒரு நல்ல வார்த்தைதான் செலவு.