மங்குத் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி?

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா (நமக்குப் பழகிய பத்தாங் பெர்ஜுந்தை) தோட்டப்புறங்களில் பெரட்டுக்குக் கிளம்புமுன் ஒரு மங்குத் தேத்தண்ணி, பசியாறும்போது ஒன்று, வேலை விட்டு வந்ததும் ஒன்று. மங்குக்கு மூன்று கரண்டி என்றாலும் ஏறக்குறைய 40 கிராம் சீனி. டின் பால் ஊற்றினால் அது தனிக் கணக்கு. அதில் பாதிக்குப் பாதி சீனிதானே! நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இனிப்புநீர் வியாதியில் இந்நாட்டில் முன்னால் நிற்பது நாம்தான். இதில் முதலிடம் வாங்கி என்ன பயன்?

"சீனிக்குப் பதிலா இனிப்பு மாத்திரை போடலாமா?" என்று கேட்கிறார்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் போடலாம். அஸ்பார்டேம் சீனியைவிட 200 மடங்கு இனிப்பு. ஆனால் கொதிக்க வைத்தால் இனிப்பு போய்விடும். தேத்தண்ணியை இறக்கிய பிறகு போடுங்கள். பாயசத்துக்கு ஆகாது. வியாதி இல்லாதவர்கள் உடம்பு இளைக்க இதை நம்ப வேண்டாமென்று அதே நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. அவர்கள் வாரத்துக்கு அரைக் கரண்டியாகச் சீனியைக் குறைத்து வரட்டும், நாக்கு பழகிக்கொள்ளும். குலா மெலாக்காவும் சீனிதான், ஏமாறாதீர்கள்.

இன்னொன்று. இன்சுலின் போடுபவர் குலை வெட்டும்போது கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டினால் ரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது இனிப்பு மாத்திரை உதவவே உதவாது. மூன்று கரண்டி நிஜச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். காட்டுக்குக் கொண்டுபோகும் பையில் ஒரு பொட்டலம் சீனி எப்போதும் இருக்கட்டும்.