குறிப்பும் ஒலியும்

மின்னணு இசைக்கருவிகள் தம்முள் செய்தி பரிமாறுதற்கென 1983ஆம் ஆண்டில் பொதுமுறை ஒன்று வகுக்கப்பெற்றது. அதுவே 'மிடி' எனப்படுவது. மிடி ஒலியைச் சுமப்பதன்று. எந்தச் சுரம், எத்துணை விசை, எப்பொழுது தொடக்கம், எப்பொழுது முடிவு என்னும் குறிப்புகளையே சுமப்பது. கணிப்பொறி அனுப்பும் குறிப்பைப் பெற்றுக் கருவி ஒலியெழுப்பும். அவ்வொலி வேறொரு வடத்தின் வழியே கணிப்பொறிக்கு மீண்டு பதிவாகும்.

இவ்விரு வழிகளையும் பிரித்தறியாதார், பதிவிற் குறை நேருங்கால் மயங்குவர். இரைச்சல் பெரும்பாலும் ஒலிவழியின் குற்றமாகும். இசை ஒலியாதபோதும் இடையறாது முரல்வொலி கேட்குமாயின், கருவியும் கணிப்பொறியும் வெவ்வேறு மின்னிணைப்புகளில் நிலத்தொடர்பு பெற்றிருத்தல் காரணமாகலாம். இரண்டையும் ஒரே மின்பலகையில் இணைத்துப் பார்த்தல் வேண்டும். முரல்வை நீக்கக் கருதி நிலத்தொடர்புக் கம்பியை அகற்றுதல் உயிருக்கே ஊறு விளைப்பதாம். கருவியின் ஒலியளவு மிகக் குறையின் 'உஸ்' என்னும் ஓசை மேலோங்கும். மிகின் இசை சிதையும்.

காலப்பிழையோ பெரும்பாலும் கணிப்பொறியின் தேக்கத்தால் வருவது. மிடி வடத்தில் ஒரு சுரக்குறிப்பு ஏறத்தாழ 1 மில்லிநொடியிற் சென்றுவிடும். நொடிக்கு 44,100 ஒலிமாதிரிகள் கொள்ளும் கணிப்பொறி, 1,024 மாதிரிகளைத் தேக்கிய பின்னரே கையாளுமாயின், ஒலி ஏறத்தாழ 23 மில்லிநொடி பிந்தும். தேக்கத்தை 256 ஆகக் குறைப்பின் அது ஏறத்தாழ 6 மில்லிநொடியாகும். அளவுமீறிக் குறைப்பினோ கணிப்பொறி தடுமாற, இசையிடையே வெடிப்பொலிகள் தோன்றும். பிந்துதல் என்றும் ஓரளவினதாயின், பதிந்த ஒலியை அவ்வளவே முன்னகர்த்திச் சீர்செய்யலாம்.

ஒரு வேளையில் ஒன்றனையே மாற்றிச் சோதிப்பார் குறையின் காரணத்தைக் காண்பர். பலவற்றை ஒருங்கே மாற்றுவார்க்குக் குறை நீங்கினும் காரணம் விளங்காது. அது மீண்டும் வருங்கால் அவர் மீண்டும் மயங்குவர்.