லஞ்சம் கொடுப்பவரைத் தேடிய சட்டம்

ஊழலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வாங்குபவரைச் சுற்றியே நடக்கிறது. கொடுப்பவர், அதிலும் அயல்நாட்டு அதிகாரிக்குக் கொடுக்கும் பெருநிறுவனம், 1990-கள் வரை செல்வந்த நாடுகள் பலவற்றின் சட்டத்தில் குற்றவாளியாகவே கருதப்படவில்லை. அமெரிக்கா 1977-லேயே அதைக் குற்றமாக்கியிருந்தது. ஜெர்மனியிலோ வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தை வணிகச் செலவாகக் காட்டி, வரி விதிப்புக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளவே இடமிருந்தது. இந்த நிலையை மாற்றுவதற்காகத் தன்னார்வ அமைப்பு ஒன்றை நிறுவியவர் ஜெர்மானியச் சட்ட அறிஞர் பீட்டர் ஐகன்.

1938-ல் பிறந்த ஐகன், ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கான உலக வங்கிப் பணிகளில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஈடுபட்டவர். நைரோபியில் வங்கியின் கிழக்கு ஆப்பிரிக்கப் பிரிவுக்குத் தலைமை வகித்தபோது, தேவையற்ற பெருந்திட்டங்கள் லஞ்சத்தின் பலத்தால் ஏழை நாடுகளின் தலையில் கட்டப்படுவதைக் கண்டு அவர் எதிர்ப்பு தெரிவித்தார். ஆனால் ஊழல் என்பது அரசியல் விவகாரம் என்றும், அரசியலில் தலையிட வங்கியின் சாசனம் அனுமதிக்கவில்லை என்றும் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. சட்டம் பயின்ற ஒருவரைச் சட்ட வாசகத்தைக் காட்டியே வாயடைக்க முயன்றது விந்தைதான். வங்கியை விட்டு விலகிய அவர், தோழர்களுடன் சேர்ந்து 1993-ல் பெர்லினில் ட்ரான்ஸ்பரன்ஸி இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கினார்.

தனிமனிதர்களின் ஊழலைத் துப்பறிந்து அம்பலப்படுத்துவது தன் வேலையன்று என்று அந்த அமைப்பு ஆரம்பத்திலேயே வகுத்துக்கொண்டது கோழைத்தனமாகச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். விதிகளையே திருத்த முனையும் சட்ட வல்லுநரின் பார்வையில் அது கணக்கிட்ட முடிவு. அதன் முதல் நிர்வாக இயக்குநரான நியூசிலாந்து வழக்கறிஞர் ஜெரமி போப், நீதிமன்றம், தணிக்கைத் துறை, நாடாளுமன்றம், செய்தித்தாள் ஆகியவை ஒன்றையொன்று கண்காணித்தால்தான் சட்டத்தின் ஆட்சி, அதாவது ஆள்பவரும் சட்டத்திற்குக் கட்டுப்படும் நிலை, நிற்கும் என்ற கருத்தை முறைப்படுத்தினார். லஞ்சம் கொடுப்பதில்லை, வாங்குவதில்லை என்று ஒப்பந்தப்புள்ளி கோரும் அரசு நிறுவனமும் போட்டியிடும் நிறுவனங்களும் முன்கூட்டியே கையெழுத்திடும் நேர்மை உடன்படிக்கையும் இந்த அமைப்பு வளர்த்தெடுத்ததே; இந்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் பலவற்றில் அது இன்று நடைமுறையில் உள்ளது.

தான் மட்டும் லஞ்சத்தை நிறுத்தினால் ஒப்பந்தம் போட்டியாளருக்குப் போய்விடும் என்பதே ஒவ்வொரு நிறுவனமும் சொன்ன நியாயம். அனைவரையும் ஒரே நாளில் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தால் அந்த நியாயம் செல்லாது என்பதை உணர்ந்த ஐகன், ஜெர்மனியின் பெருநிறுவனத் தலைவர்களை ஒன்றுகூட்டிப் பேசினார். இத்தகைய முயற்சிகளும் அமெரிக்காவின் நெருக்கடியும் சேர்ந்து, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் உறுப்பு நாடுகள் 1997-ல் லஞ்ச எதிர்ப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட வழிவகுத்தன. 1999-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனியின் வரிச்சலுகையும் அவ்வாண்டிலேயே ஒழிந்தது. 2008-ல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் வெளிநாட்டு லஞ்ச வழக்குகளை முடிக்க அமெரிக்க, ஜெர்மானிய அரசுகளுக்கு அபராதம் முதலியவையாக ஏறத்தாழ 160 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது இந்த மாற்றத்தின் விளைவே.

ஆயினும் அமைப்புக்குப் புகழ் தேடித்தந்தது 1995-ல் 41 நாடுகளுடன் தொடங்கிய தரவரிசைப் பட்டியல்தான். வல்லுநர்களும் வணிகர்களும் ஒரு நாட்டின் அரசுத்துறை ஊழலை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதைத் தொகுக்கும் அப்பட்டியல், வாங்கும் நாடுகளை அடிவரிசையில் நிறுத்தி, கொடுக்கும் நாடுகளை மேலே அமர்த்துகிறது என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. அதை ஈடுசெய்ய, லஞ்சம் கொடுக்கும் நாடுகளை வரிசைப்படுத்தும் இன்னொரு பட்டியல் 1999-ல் தொடங்கப்பட்டது. கடைசியாக அது வெளிவந்தது 2011-ல்.