தூசியை எண்ணி வயது சொல்கிறார்கள்

பித்தளையில் செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு? அமிலத்தில் கரைத்துப் பார்ப்பது பழைய வழி. 1985இல் பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தில் ஆலன் கிரே வேறு வழி காட்டினார். திடப்பொருளின் மேல் லேசரைப் பாய்ச்சி, கிளம்பும் தூசியை நேராகப் பிளாஸ்மாவுக்கும் அங்கிருந்து நிறை நிறமாலைமானிக்கும் அனுப்பினார்.

லேசர் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழி விழும். அதிலிருந்து எழும் ஆவி, ஹீலியம் வாயுவில் குளிர்ந்து நானோ துகள்களாக உறையும். அந்தத் துகள்களை வாயு ஒரு குழாய் வழியாக ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் தள்ளும். அங்கே வெப்பம் 6,000 கெல்வினுக்கும் மேல். துகள்கள் அணுக்களாகச் சிதறி, மின்னூட்டம் பெறும். நிறமாலைமானி அவற்றை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும்.

சிக்கல் இங்கேதான். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்; செம்பு கொதிக்க 2,500 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதனால் ஆவியிலிருந்து உறைந்த நுண்துகள்களில் துத்தநாகம் மிகும். உருகித் தெறித்த பெரிய துளிகளில் செம்பு மிகும். பெரிய துளிகள் குழாயிலேயே படிந்துவிட்டாலோ, பிளாஸ்மாவில் முழுதும் ஆவியாகாமல் கடந்துவிட்டாலோ, கணக்கில் துத்தநாகம் கூடுதலாக வரும். கருவி தன்னிடம் வந்ததைச் சரியாகத்தான் எண்ணியிருக்கும். ஆனால் அந்த எண் தூசியினுடையது, பித்தளையினுடையது ஆகாது. சூரிச்சின் இ.டி.எச். நிறுவனத்தில் டெட்லெஃப் குந்தரின் குழுவினர் துகளின் அளவுக்கும் கலவைக்கும் உள்ள இந்த உறவை விரிவாக ஆராய்ந்தனர். என் பார்வையில், இத்துறைக்கு நம்பகத்தன்மை தந்தது இப்படிப்பட்ட உழைப்புதான். ஃபெம்டோ நொடி லேசர் வந்த பிறகு, வெப்பம் பரவ நேரமின்றிப் போய், பிசகு வெகுவாகக் குறைந்தது.

பித்தளையோடு இந்தச் சிக்கல் முடிந்துவிடாது. பல பாறைகளின் வயதை, ஜிர்கான் படிகத்திலுள்ள யுரேனியம், காரீயம் விகிதத்தை இதே லேசர் முறையில் அளந்து கணிக்கிறார்கள். லேசர் குழி ஆழமாக ஆழமாக அந்த விகிதமும் நகரும். 10 கோடி ஆண்டுப் பாறையில் விகிதம் 1 சதவீதம் பிசகினால், வயது 10 லட்சம் ஆண்டு தவறும். இதைத் திருத்த, வயது தெரிந்த படிகத்தையும் அதே லேசரால், அதே அளவுக் குழியாகச் சுட்டு ஒப்பிடுவார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் கிடைத்த, 106 கோடி ஆண்டு வயதுடைய ‘91500’ ஜிர்கான் அப்படி ஒன்று. லேசர் முறையில் கணித்த பாறை வயதை இனி எங்காவது படித்தால், எந்தப் படிகத்தோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் தேடிப் பாருங்கள். அது சொல்லப்படாத வயதை நம்ப வேண்டாம்.