புது வண்ணம், புதுப் பலகை: வீட்டுக் காற்றைப் பற்றி முத்திரை சொல்வதும் சொல்லாததும்

நீண்ட சிகிச்சைக்குப் பின் நோயாளி வீடு திரும்பும்போது, அவரது அறைக்குப் புது வண்ணம் பூசி, புதிய அலமாரி அமைத்து வரவேற்கப் பல குடும்பத்தினர் விரும்புகின்றனர். ஆயினும் ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை உடையோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் அந்தப் புதுமையே தொல்லையாகக்கூடும். அதன் காரணத்தை இங்கு விளக்குகிறோம்.

வண்ணப்பூச்சு, வார்னிஷ், பசை, பிளைவுட் முதலியன எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களைக் காற்றில் மெல்ல மெல்ல வெளியிடுகின்றன. இவற்றைச் சுருக்கமாக வி.ஓ.சி. என்பர். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி ஆகியவை இவற்றால் உண்டாகலாம். ஆஸ்துமா உடையோருக்கு மூச்சிரைப்பு மிகலாம். பிளைவுட் பசையிலிருந்து வெளிப்படும் ஃபார்மால்டிஹைடு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கவல்லது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது.

இத்தகைய வெளியீட்டை வாங்குவோர் அறியும்பொருட்டு, பிரான்சு நாடு 2012 முதல் கட்டடப் பொருட்களுக்கு ஒரு முத்திரையைக் கட்டாயமாக்கியது. ஃபார்மால்டிஹைடு உள்ளிட்ட 10 சேர்மங்களும், வி.ஓ.சி.யின் மொத்த அளவும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அவற்றுள் மிக மோசமான அளவே பொருளின் தரத்தை முடிவு செய்யும். ஒரு கன மீட்டர் காற்றில் ஃபார்மால்டிஹைடு 10 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால்தான் மிக உயர்ந்த 'ஏ பிளஸ்' தரம் கிடைக்கும். 120-ஐத் தாண்டினால் மிகத் தாழ்ந்த 'சி' தரமே.

எனினும் அம்முத்திரையை முழுப் பாதுகாப்பின் உறுதிமொழியாகக் கொள்ளலாகாது. முதலாவதாக, அது குறிப்பது 28 நாட்களுக்குப் பிந்தைய நிலையை. எனவே 'ஏ பிளஸ்' பெற்ற வண்ணமும் பூசிய முதல் நாட்களில் மிகுதியாக ஆவி வெளியிடக்கூடும். இரண்டாவதாக, அது சுவர், தரை, கதவு போன்றவற்றுக்கு உரியது. மேசை, கட்டில் முதலிய தளவாடங்களுக்கு அன்று.

நம் கடைகளில் காணப்படும் குறிப்புகளையும் இவ்வாறே கவனித்துப் படித்தல் நன்று. வண்ண டப்பாவில் 'குறைந்த வி.ஓ.சி.' என்றிருப்பின், அது பெரும்பாலும் ஒரு லிட்டர் பூச்சில் அடங்கியுள்ள அளவைக் குறிக்கும். அறைக்காற்றில் அளந்ததை அன்று. பிளைவுட்டில் 'ஈ-1', 'ஈ-0' என்பன ஃபார்மால்டிஹைடு வெளியீட்டைக் குறிக்கும். இரண்டில் 'ஈ-0' குறைவானது.

வீட்டாருக்கு எங்கள் பரிந்துரைகள் இவை:

• இயலுமாயின், நோயாளி திரும்புவதற்கு 4 வாரங்களுக்கு முன்பே பூச்சு வேலையையும் மரவேலையையும் முடித்துவிடுங்கள்.

• காலம் போதாதெனில் அவ்வேலையைத் தள்ளிவையுங்கள். அல்லது அவரை வேறு அறையில் தங்கச் செய்யுங்கள்.

• எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் அளியுங்கள். புதிய அலமாரியின் கதவுகளையும் சில நாட்கள் திறந்தே வையுங்கள்.

• ஊதுவத்தியோ நறுமணத் தெளிப்போ வாடையை மறைக்குமேயன்றிக் காற்றைத் தூய்மையாக்காது. வாடை நீங்கியதை மட்டும் கொண்டு காற்று தூய்மையானது என முடிவு செய்யவும் வேண்டா.

புதிய அறையில் இருமலோ மூச்சிரைப்போ தோன்றினால் நோயாளியை உடனே வெளிக்காற்றுக்கு அழைத்து வாருங்கள். மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலரை அவர் கூறியபடி பயன்படுத்துங்கள். மூச்சுத் திணறல் தணியாவிடில், காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். அறையில் அண்மையில் செய்த வேலைகளையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.