ஒரு சுவிட்சும் ஆறு பாஷைகளும்

பெரிய கணினி நிலையங்களில் இன்று ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் குடியிருக்கின்றன. அவை தமக்குள்ளும் வெளியுலகத்தோடும் தகவல் பரிமாறிக்கொள்வதற்கு வேண்டிய சுவிட்ச், அலமாரியில் பொருத்திய பெட்டியாக இராமல், அந்தச் சர்வரிலேயே ஒரு மென்பொருளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இனத்தில் மிகவும் பிரசித்தி பெற்றது, நிசிரா என்னும் அமெரிக்க ஸ்தாபனத்தில் உருவாகி, 2009-ம் ஆண்டில் யாவரும் எடுத்தாளும்படி மூலநிரலோடு வெளியிடப்பெற்ற ஓப்பன் விசுவிட்ச். பாக்கெட் எனப்படும் தகவல் பொட்டலங்களில் எது எந்த வழியில் போகவேண்டும் என்ற விதிகளை அதற்கு வகுத்தனுப்புவது கன்ட்ரோலர் என்னும் வேறொரு நிரல். அவ்விரண்டும் பேசிக்கொள்ளும் பாஷைக்கு ஓப்பன்ஃப்ளோ என்று பெயர்.

ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் நிக் மெக்கியோன் முதலிய அறிஞர்கள் 2008-ல் உலகுக்கு அறிவித்த அந்தப் பாஷை, 2009-ன் இறுதியில் 1.0 என்ற பதிப்பாக நிலைபெற்றது. பிறகு 2014 முடிவதற்குள் 1.1 முதல் 1.5 வரை மேலும் ஐந்து பதிப்புகள் வந்துவிட்டன. இலக்கணம் இத்தனை விரைவில் இத்தனை முறை மாறுமானால், அதை நம்பி இரவும் பகலும் வேலை நடத்தவேண்டிய மென்பொருளின் கதி என்ன என்பதுதான் இங்கே ஆராயத்தக்க விஷயம்.

மாறுதல்கள் அற்பமானவை அல்ல. ஒரு பாக்கெட்டை இனங்கண்டுகொள்வதற்கு 1.0 பதிப்பு அளித்த வடிவம் நாற்பது பைட் நீளமுள்ளது. பன்னிரண்டு அம்சங்களுக்கு மட்டுமே அதில் இடம் உண்டு. ஐபிவி6 முகவரிக்கு இடமே கிடையாது. 1.1 பதிப்பு அதை 88 பைட்டாக நீட்டிய பின்னும் அந்தக் குறை தீரவில்லை. 1.2 பதிப்போ அளவு குறித்த வடிவத்தையே கைவிட்டு, வேண்டிய அம்சங்களை வேண்டியவாறு கோத்துக்கொள்ளும் புதிய முறையை மேற்கொண்டது. அந்த முறை, நிசிராவின் பொறியாளர்கள் 1.0 பதிப்போடு தம் சொந்தப் பொறுப்பில் சேர்த்து வழங்கிவந்த ஓர் இணைப்பிலிருந்து பிறந்தது என்பது மிகவும் கவனிக்கத்தக்கது. பிரயோகத்தில் தேறிய பின்பே சட்டமாகும் ஏற்பாடு எதுவோ அதுவே நீடித்து நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பதிப்புக்கு ஒரு நிரல் என்று தனித்தனியே எழுதிவைப்பது பார்வைக்குச் சுலபமான மார்க்கமே. ஆயினும் ஆறு நிரல்களிலும் ஒரே பிழையை ஆறு முறை திருத்தவேண்டி வரும். ஆகவே ஓப்பன் விசுவிட்சை வகுத்தவர்கள், எந்தப் பதிப்பில் கட்டளை வந்தாலும் வாசலிலேயே அதைப் பதிப்புச் சார்பற்ற ஓர் உள்வடிவமாக மாற்றிக்கொள்வதென்றும், பதில் போகும்போது கேட்டவருடைய பதிப்புக்கே திருப்பிக்கொடுப்பதென்றும் நிச்சயித்தார்கள். கம்பெனியார் காலத்துத் துபாஷியைப்போல அந்த மொழிமாற்றப் பகுதி வாசலில் நிற்க, உள்ளே நடக்கும் விவகாரம் முழுவதும் ஒரே பாஷையில் நடைபெறுகிறது.

ஆனால் துபாஷிக்குச் சொற்கள் தெரிந்தால் மட்டும் போதாது. பாக்கெட் எந்த வலைப்பிரிவைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் வீலான் எண்ணை இடும்படி ஆணையிடும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். 1.0 பதிப்பில் அந்தக் கட்டளை, பாக்கெட்டில் வீலான் முத்திரை இல்லாவிட்டால் முத்திரையையும் சேர்த்து எண்ணை இடும், 1.1 முதலோ, ஏற்கெனவே உள்ள முத்திரையின் எண்ணை மாற்றுவதோடு அது நின்றுவிடும். முத்திரையைச் சேர்ப்பதற்கு வேறு கட்டளை தரவேண்டும். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. ஆதலால் உள்வடிவத்தில் இந்தக் கட்டளையோடு, முத்திரை இல்லையேல் சேர்க்கலாமா என்பதைத் தெரிவிக்கும் சிறு குறிப்பு ஒன்றும் கூடவே பயணம் செய்கிறது. அந்தக் குறிப்பு விடுபட்டுப்போனால் பிழைச் செய்தி எதுவும் எழாது. பாக்கெட் மட்டும் சேரவேண்டிய இடத்தைச் சேராது.

எந்த விதிக்கும் பொருந்தாத பாக்கெட்டின் விஷயம் இன்னும் நுட்பமானது. 1.0 முதல் 1.2 வரையில் அதைக் கன்ட்ரோலருக்கு அனுப்பி உத்தரவு கேட்பதே இயல்பான வழக்கம், 1.3 தொட்டு, வேறுவிதமாகச் சொல்லிவைத்தாலன்றி அதை எறிந்துவிடுவதே வழக்கமாயிற்று. ஒரே சுவிட்சுடன் பழைய பதிப்பில் ஒரு கன்ட்ரோலரும் புதிய பதிப்பில் மற்றொன்றும் ஒரே சமயத்தில் இணைந்திருந்தால், அந்தப் பாக்கெட்டின் செய்தி முன்னதற்குப் போகவேண்டும், பின்னதற்குப் போகக்கூடாது. ஓப்பன் விசுவிட்ச் இணைப்புதோறும் அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுகிறது.

எந்தப் பதிப்பில் பேசுவது என்பதையே முதலில் தீர்மானித்தாக வேண்டுமல்லவா? இரு தரப்பும் முதற்செய்தியில் தாம் அறிந்த உயர்ந்த பதிப்பைச் சொல்ல, இரண்டில் குறைந்ததை ஏற்பது ஆதிவழக்கம். ஒருவர் 1.0, 1.3 இரண்டையும், மற்றவர் 1.0, 1.2 இரண்டையும் அறிந்திருந்தால், இந்தக் கணக்கு 1.2-ஐத் தேர்ந்தெடுத்து, இருவரும் 1.0-ஐ அறிந்திருந்தும் பேச்சை முறித்துவிடும். பதிப்புகளின் பட்டியலையே முதற்செய்தியில் அனுப்பும் வசதி 1.3.1-ல் ஏற்பட்ட பிறகே இந்தச் சங்கடம் தீர்ந்தது.

ஓப்பன் விசுவிட்சில் இன்னும் முழுமையாக நிறைவேறாத பதிப்பைப் பரீட்சை செய்ய விரும்புவோர் தாமே திறந்துகொள்ளலாமேயன்றி, மற்றவர்களுக்கு அது மூடியே இருக்கும் என்பது இந்தத் திட்டத்தின் மற்றொரு விதி. 1.1, 1.2, 1.3 ஆகியவை 2014-ல்தான் கேளாமலே கிடைக்கும் நிலைக்கு வந்தன. 2013-ல் வெளியான 1.4-க்கு அந்தத் தகுதி 2017-ல் கிட்டியது. இதைத் தாமதம் என்று குறைகூறுவோர் உண்டு. கட்டாயமான அம்சங்கள் யாவும் நிறைவேறும் வரையில் ஒரு பதிப்பைப் பொதுவழக்கில் விடாமல் காத்ததை நான் நேர்மை என்றே கொள்வேன்.

1.6-ன் வரைவுக்கும் இதே முறையில் முன்னேற்பாடு செய்யப்பட்டிருந்தது. ஓப்பன்ஃப்ளோவைப் பரிபாலித்துவந்த அமைப்பு அந்த வரைவைக் கைவிடவே, ஓப்பன் விசுவிட்சும் அதற்காக எழுதிய நிரலை நீக்கிவிட்டது, 1.0 முதல் 1.5 வரையுள்ள ஆறு பதிப்புகளும் அதில் இன்றும் வழக்கில் இருக்கின்றன.